கேட்டிவாம்பஸ் மடிப்பு

அந்த வீட்டில் மிக்ஸிக்கு மிக்ஸி என்று பெயர் கிடையாது. கல்யாணம் முடிந்து வந்த மறுநாள் காலையிலேயே தையல்காரிக்கு இது தெரிந்துவிட்டது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று விடியும் முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். எது எங்கே இருக்கிறது என்று தெரியாத சமையலறையில் அவள் டப்பா டப்பாவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது, அவனுடைய மகள் பள்ளிச் சீருடையோடு வந்து கதவோரம் நின்றாள். முன்பற்கள் இரண்டும் எப்போதும் வெளியே எட்டிப் பார்ப்பதால் வீட்டில் அவளுக்கு அணில் என்று பெயர்.

"ஹல்லபலூ மேல் தட்டுல இருக்கு. ரொம்பக் கத்தும், பயந்துடாதீங்க."

தையல்காரி மேல் தட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு பழைய மிக்ஸிதான் உட்கார்ந்திருந்தது. ஓ, இங்கிலீஷில் நன்றாகப் படித்த வீடுகளில் இதை இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். போட்டுப் பார்த்தாள், கத்தியது. பெயர் பொருத்தமாகவே இருந்தது.

அவளுக்கு இங்கிலீஷ் என்றால் வேப்பங்காய். பள்ளியில் அந்த ஒரு பாடத்தைத் தட்டுத் தடுமாறித் தாண்டியதே பெரிய காரியம். வேலை பார்க்கும் துணிக்கடையில் எல்லோரும் நாலு வார்த்தை இங்கிலீஷ் கலந்து பேசும்போது, இவள் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு பேச முடியாத ஆள் மாதிரி இருந்துவிடுவாள். கணவன் முன்னால் இன்னும் கூச்சம். கல்யாணம் நிச்சயமான புதிதில் ஏதோ ஒரு வார்த்தையை இவள் சொன்ன விதத்துக்கு அவன் சிரித்துவிட்டான். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு அவன் காதுபட ஒரு இங்கிலீஷ் வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

அணிலிடம் அந்தக் கூச்சம் இல்லை. ஏனென்றால் அணில் அவளிடம் பேசியதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் பாதிக்குப் பாதி இங்கிலீஷாக இருந்தது. பசித்து வயிறு சத்தம் போட்டால் "போர்பரிக்மஸ்" என்பாள். பரீட்சை நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "காலிவாபிள்ஸ்" என்பாள். அலமாரியில் துணி கலைந்து கிடந்தால் "ஹிகில்டி பிகில்டி". பள்ளி வேன் வரும் நேரத்தில் தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் காட்டி, "பாருங்க, லாலிகாக் பண்றாங்க" என்பாள். எல்லாவற்றையும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி சொல்வாள்.

தையல்காரி ஒன்றைக்கூட விடாமல் பொறுக்கிக்கொண்டாள். அர்த்தம் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, சொல்லும்போதே கண்ணெதிரே பொருள் இருந்தது. கடையில் மிஷினை மிதித்துக்கொண்டே முணுமுணுத்துப் பார்ப்பாள். அவள் படித்த இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் மறுநாளே ஓடிப்போயின. இவை மட்டும் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டன. பரவாயில்லையே, நமக்கும் வருகிறதே என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது இங்கிலீஷ் இல்லை. அணில் அவளை எப்படியும் கூப்பிட்டதில்லை. "அம்மா" இல்லை, "சித்தி" இல்லை, "ஆன்ட்டி"கூட இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரே வந்து நின்று, இவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பாள். இவள் அடுத்த அறையில் இருந்தால் நாற்காலியை இழுத்துச் சத்தம் பண்ணுவாள். பேசும்போது "நீங்க", "வாங்க". விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரே அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டது. பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர், "உள்ள போங்கம்மா." காய்கறிக்காரர், "முத்தல் இல்லம்மா, எடுங்கம்மா." கடை மேனேஜர், அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவர், "என்னம்மா, அந்தப் பேன்ட் ரெடியா?" நாள் முழுக்கக் காது நிறைய அம்மா. வீட்டுக்கு வந்தால் நாற்காலி இழுபடும் சத்தம்.

கணவன் ஒருமுறை சாப்பாட்டு மேஜையில், "அம்மான்னு கூப்பிட்டாதான் என்ன?" என்று மகளிடம் ஆரம்பித்தான். அணிலின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தையல்காரி அவன் காலை மேஜைக்கு அடியில் மிதித்தாள்.

"சும்மா இருங்க. சொல்லிக் கொடுத்து வர்றதா அது?"

அப்படிச் சொன்னாளே தவிர, ஆசை இருந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள். இருக்கிறது. எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று அவளுக்கே தெரியும்.

ஒரு நாள் அணிலின் பள்ளிப் பாவாடையை இஸ்திரி போடும்போது அதன் கீழ் மடிப்பைப் பார்த்துத் தையல்காரிக்குக் கை அரித்தது. கைத்தையல். ஒரு பக்கம் அரை விரல் மேலே ஏறி, இன்னொரு பக்கம் இறங்கி, நடுவில் பாம்பு மாதிரி நெளிந்து போயிருந்தது. வளரும் பிள்ளை என்று உள்ளே நிறையத் துணி விட்டு மடித்திருந்தார்கள், அது மட்டும் கெட்டிக்காரத்தனம். பாவாடையும் இப்போது முழங்காலுக்கு மேலே ஏற ஆரம்பித்திருந்தது.

"இதைப் பிரிச்சு, இறக்கி, நேரா தச்சுத் தரட்டுமா?"

அணில் ஓடி வந்து பாவாடையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "வேணாம். இது கேட்டிவாம்பஸ். அப்படியேதான் இருக்கணும்."

கோணல்மாணலுக்கு இங்கிலீஷில் இவ்வளவு அழகான வார்த்தையா என்று தையல்காரி அசந்துபோனாள். தையல் தொழிலில் இருப்பவளுக்கு இதைவிடப் பயனுள்ள வார்த்தை வேறென்ன வேண்டும்? பாவாடை விஷயம் அவள் மனதில் நிற்கவில்லை. வார்த்தை நின்றது.

*

துணிக்கடையின் பின்பக்கம், டிரையல் ரூமைத் தாண்டி, ஒரு திரைக்கு உள்ளே அவளுடைய உலகம். இரண்டு மிஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், நீளமான வெட்டு மேஜை, ஆணியில் தொங்கும் நூல்கண்டுகள். வாங்கிய உடுப்பு உடம்புக்குப் பொருந்தாதவர்களுக்கெல்லாம் இங்கேதான் வைத்தியம். பேன்ட்டின் காலைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது அவள் வேலை. அடுத்த மிஷினில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பெரியவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் காஜா அண்ணன். நாள் முழுக்க வாய் மூடாதவர்.

அந்த வாரம் தொழிற்சாலையிலிருந்து வந்திறங்கிய பேன்ட்டுகள் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. கால் மடிப்பெல்லாம் கோணல். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து மேனேஜரிடம் சண்டை போட்டார்கள். விஷயம் மேலே போய், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் நேரில் வந்துவிட்டார். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், குவிந்து கிடந்த பேன்ட்டுகளைப் பார்த்துவிட்டு, இங்கே என்ன பிரச்சினை என்று இங்கிலீஷில் கேட்டார். மேனேஜர் எச்சில் விழுங்கினார். காஜா அண்ணனின் வாய்கூட மூடிக்கொண்டது.

தையல்காரி எழுந்து நின்றாள். இதற்கு வேண்டிய இங்கிலீஷ் அவளிடம் இருக்கிறதே!

"மேடம், ஹெம் ஃபுல்லா கேட்டிவாம்பஸ். ஃபேக்டரி பீப்பிள் லாலிகாக். சோ, ஹியர் ஆல் ஹிகில்டி பிகில்டி."

ஒரு கணம் மிஷின் எண்ணெய் சொட்டினால்கூடக் கேட்டிருக்கும். பிறகு மேடம் வெட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரிப்பு அடங்கி, நிமிர்ந்து அவளைப் பார்த்ததும் மறுபடியும் பொத்துக்கொண்டு வந்தது. மேடம் சிரிக்கிறாரே என்று மேனேஜரும் சிரித்தார். திரைக்கு வெளியே பில் போடும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

"ஸாரிம்மா, ஸாரி," என்றார் மேடம், தமிழில். "தப்பே இல்ல, மூணும் கரெக்ட். ஆனா இதெல்லாம் யாரும் நிஜமாப் பேச மாட்டாங்க. குழந்தைங்க விளையாட்டுக்குச் சொல்ற கோமாளி வார்த்தைங்க. யாரு சொல்லிக் கொடுத்தாங்க உங்களுக்கு?"

அவள் ஒரு ஊசியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். மேடம் நல்லவர். போகும்போது அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, பேன்ட்டுகளை எல்லாம் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அவளுக்கு முகம் தணலாகக் காந்தியது.

"உன்ன யாரோ நல்லா ஓட்டியிருக்காங்க தங்கச்சி," என்றார் காஜா அண்ணன். அவர் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

யாரோ என்ன யாரோ. மிதியில் கால் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஹல்லபலூ. போர்பரிக்மஸ். அந்த உம்மென்ற முகம். அப்படியென்றால் அந்த முகத்துக்குப் பின்னால் இத்தனை நாளும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்றும் தெரியாத மக்கு ஒருத்தி வந்து வாய்த்திருக்கிறாள், எதைச் சொன்னாலும் நம்புவாள் என்று பள்ளியில் தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருப்பாளோ? அம்மா என்று கூப்பிடாதது போகட்டும். கோமாளியாக்க வேண்டுமா? அவள் கண்ணில் நீர் முட்டியது. கோபம் ஒரு பங்கு, மீதி முழுக்க வலி.

அன்று மாலை அணில் சமையலறைக் கதவோரம் வந்து நின்றாள். "ஹல்லபலூல பால் அடிச்சுத் தர்றீங்களா?"

"அதுக்குப் பேரு மிக்ஸி," என்றாள் தையல்காரி, திரும்பாமலே.

சிரிப்பாள், அல்லது முனகுவாள் என்று எதிர்பார்த்தாள். திரும்பியபோது கதவோரம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு அணில் மிக்ஸி என்றே சொன்னாள். பசித்தால் "பசிக்குது". துணி கலைந்து கிடந்தால் ஒன்றும் சொல்லாமல் தானே மடித்து வைத்தாள். நாற்காலியைக்கூட இழுப்பதில்லை. கேட்டதற்குப் பதில், கொடுத்ததைச் சாப்பிடுவது, அவ்வளவுதான். குறை சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளையாகிவிட்டாள். வீடு இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று தையல்காரி நினைத்ததே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கப் பார்த்தாள், நெஞ்சு ஒத்துழைக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை கணவன் வீட்டில் இருந்தான். ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலைக் கழற்றிப் போட்டுத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். அணில் வந்து, "அப்பா, மிக்ஸி வயர் சூடாகுது, அதையும் பாருங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நின்றது. "மிக்ஸின்னா சொன்னா?"

"ஏன், வேற எப்படிச் சொல்லணும்?" என்றாள் தையல்காரி. குரல் அவளை மீறி வெடித்தது. "இப்பவாவது ஒழுங்காச் சொல்றாளே! உங்க பொண்ணு இத்தனை நாளா என்ன வச்சு விளையாடியிருக்கா, தெரியுமா? ஹல்லபலூவாம், கேட்டிவாம்பஸாம். அதெல்லாம் நிஜ இங்கிலீஷ்னு நம்பி, கடையில அத்தனை பேர் முன்னால சொல்லி, என் மானமே போச்சு."

அவன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"உங்கிட்ட சொன்னாளா? அந்த வார்த்தையெல்லாம்? எப்பலேருந்து?"

"முதல் நாள்லேருந்து. நீங்க வேலைக்குப் போனப்புறம்."

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். பிறகு சொன்னான். அணிலின் அம்மாவுக்கு டெலிபோனில் புகார் கேட்கும் வேலை. நாள் முழுக்க ஒரே நாலு வாக்கியம். "'சிரமத்துக்கு வருந்துகிறோம்'னு இங்கிலீஷ்ல சொல்லிச் சொல்லி வாயே புளிச்சுப் போச்சுன்னு வருவா. அதனால வீட்டுக்கு வந்தா யாரும் பேசாத இங்கிலீஷ்தான் பேசுவேன்னு ஆரம்பிச்ச விளையாட்டு இது. ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வார்த்தை. வாரம் முழுக்க வீட்டுல அதப் பேசணும். வெளியில யாராவது தெரியாத ஆள்கிட்ட, சிரிக்காம, முகத்த உம்முனு வச்சுக்கிட்டு சொல்லணும். சிரிச்சா அவுட். சொல்லிட்டு வந்தவங்க ஜெயிச்சாங்க. அவங்க இந்த வீட்டுல இருக்கற எதுக்கு வேணும்னாலும் புதுப் பேரு வைக்கலாம். வாரம் முடிஞ்சதும் சில வார்த்தை போயிடும். வாய்க்குப் பழகினது தங்கிடும். மிக்ஸிக்கு ஹல்லபலூன்னு பேரு வச்சது அணிலோட அம்மா."

தையல்காரி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரல. அதுக்கப்புறம் ஒரு நாள் சாப்பிடறப்ப அணில் அதுல ஒரு வார்த்தையச் சொன்னா. என்னால தாங்க முடியல. இனிமே இந்த வீட்டுல அதெல்லாம் கூடாதுன்னு கத்திட்டேன். அன்னைக்கு நிறுத்தினவதான். மறந்துட்டான்னே நெனச்சேன்." அவன் மாடிப்படியைப் பார்த்தான். "மறக்கல. விளையாட ஆளில்லாம இருந்திருக்கா."

"அந்தப் பாவாட மடிப்பு," என்றாள் தையல்காரி.

"அவ தச்சது. ஊசி பிடிக்கவே தெரியாது அவளுக்கு. கேட்டிவாம்பஸ்னு அவளே பேரு வச்சா."

தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வந்த முதல் நாள், முதல் வார்த்தை. அப்பனிடம்கூடக் காட்டாமல் பொத்தி வைத்திருந்ததை எடுத்து இவளிடம் நீட்டியிருக்கிறது அந்தப் பிள்ளை. விளையாட வருவாளா என்று நாள்தோறும் ஒன்றாக நீட்டிப் பார்த்திருக்கிறது. இவள் தட்டிவிட்டாள். கடையில் பட்டது அவமானமே இல்லை, இப்போது நெஞ்சில் அறைந்ததுதான் நிஜமான அறை.

*

மாடியில் கொடிக்கயிற்றுக்கு அடியில் அணில் தனியாக உட்கார்ந்து, துணிக் கிளிப்புகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தையல்காரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று படியேறும்போது யோசித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"கடையில தலைமை ஆபீஸ் மேடம் வந்தாங்க," என்றாள். "முன்ன பின்ன பார்த்ததே இல்ல. அவங்ககிட்ட கேட்டிவாம்பஸ்னு சொன்னேன்."

கிளிப் அடுக்கிய கை நின்றது.

"லாலிகாக்கும் சொன்னேன். ஹிகில்டி பிகில்டியும்."

அணில் தலையை நிமிர்த்தினாள். "ஒரே ஆள்கிட்டயா?"

"ஒரே ஆள்கிட்ட. ஒரே மூச்சுல."

"சிரிக்காமலா?"

"சிரிப்பா? நான் நிஜ இங்கிலீஷ்னு நெனச்சுல்ல சொன்னேன். முகத்த எப்படி வச்சிருந்தேன் தெரியுமா?" எழுந்து நின்று காட்டினாள். மார்பில் அளவு டேப் தொங்குவதுபோல் பாவனை, நிமிர்ந்த கழுத்து, தலைமை அலுவலகத்துக்கே இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும் தோரணை. "மேடம், ஹெம் ஃபுல்லா கேட்டிவாம்பஸ்."

அணிலின் முன்பற்கள் இரண்டும் வெளியே வந்தன. பிறகு அவள் சிரித்தாள். கிளிப்புகள் சிதறி ஓட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து இவள் இதுவரை பார்த்ததில்லை.

"அம்மாகூட ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் சொல்லுவாங்க," என்றாள், சிரிப்பு அடங்கி. "டாக்டர்கிட்ட போய் போர்பரிக்மஸ்னு சொன்னாங்க. அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அதனால பாதி மார்க்குதான்." சொல்லிவிட்டுச் சட்டென்று கீழே பார்த்தாள். இந்த வீட்டில் பேசக் கூடாததைப் பேசிவிட்ட முகம்.

தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்ன நான் தப்பா நெனச்சுட்டேன், அணில். நீ என்னக் கேலி பண்றேன்னு நெனச்சு, அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. அம்மாவப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசு. எனக்குக் கேக்கணும்."

அணில் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நீங்க ஜெயிச்சுட்டீங்க," என்றாள் கறாராக. "மூணு வார்த்தை, ஒரே ஆள். இதுவரைக்கும் யாரும் பண்ணல. எதுக்காவது பேரு வைக்கணும். என்ன வச்சாலும் ஒத்துக்கணும், அதான் ரூல்."

படிக்கட்டின் மேல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவன், அணிலுக்குத் தெரியாமல் கண்ணைக் காட்டினான். உனக்கே பேர் வைத்துக்கொள் என்று தையல்காரியைக் காட்டிச் சைகை செய்தான். அது அவளுக்கும் தோன்றாமல் இல்லை. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரூல் ரூல்தான். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் ஜெயித்து வாங்குகிற பொருளா அது?

"மிக்ஸிக்கு வைக்கறேன்," என்றாள். "ஹல்லபலூ."

"அது அதோட பழைய பேராச்சே."

"போயிடுச்சே. திரும்பி வரணும்."

அணில் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிதறிய கிளிப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். கணவன் மேலே வந்து, மகள் பக்கத்தில் குந்தி, அவனும் பொறுக்கினான். "காலிவாபிள்ஸ்னா என்ன, மறந்துட்டேன்," என்றான். அணில் அவனுக்கு விளக்க ஆரம்பித்தாள்.

*

அடுத்த ஞாயிறு வார்த்தை சொல்வது அணிலின் முறை. மேஜையில் எல்லோரும் காத்திருந்தார்கள். கால் முடுக்கிய மேஜை இப்போது ஆடவில்லை.

"இந்த வாரம் ரகசியம். முதல்ல வெளியில சொல்லிட்டுத்தான் வீட்டுல சொல்லுவேன்."

"இது என்ன புது ரூல்?" என்றான் அப்பா.

"வார்த்தையும் அந்த மாதிரி. நம்ம வீட்டுல ரொம்ப நாளா யாருமே யாரையும் பார்த்துச் சொல்லாத வார்த்தை."

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. தினமும் மாலையில் தையல்காரி கேட்பாள், "சொல்லிட்டியா?" அணில் இல்லை என்று தலையாட்டுவாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டால், "காலிவாபிள்ஸ்" என்பாள். அவ்வளவு கஷ்டமான வார்த்தை என்னவாக இருக்கும் என்று தையல்காரி மிஷினில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தாள். தனக்குத் தெரிந்த அத்தனை கோமாளி வார்த்தைகளையும் உருட்டிப் பார்த்தாள்.

வாரக் கடைசியில், கடையில் கூட்டம் நெரித்த ஒரு மாலை. அவள் ஒரு கோட்டின் உள்தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் பில் போடும் அக்காவின் குரல் கேட்டது. "யாரு வேணும் பாப்பா? தனியா வந்தியா?"

"அப்பா வண்டிய நிறுத்திட்டு வர்றாங்க." அணிலின் குரல். பிறகு ஒரு சின்ன நிறுத்தம். "எங்க அம்மா வேணும். உள்ள தைக்கிறாங்க."

தையல்காரியின் கையில் கத்தரி நின்றது.

பில் அக்காவுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாள்தோறும் எத்தனையோ பிள்ளைகள் அம்மாவைத் தேடி வரும் கடைதானே. "ஏம்மா, உன் பொண்ணு வந்திருக்கு!" என்று உள்ளே ஒரு குரல் கொடுத்துவிட்டு அடுத்த பில்லைப் போட ஆரம்பித்தாள்.

திரை விலகியது. அணில் நின்றாள். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று மேலுதட்டை இழுத்து முன்பற்களை மூடியிருந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. கையில் மடித்த பாவாடை.

"சிரிக்கல," என்றாள், உதடு பிரியாமல். "பாத்தீங்கல்ல? சிரிக்கவே இல்ல. ஜெயிச்சுட்டேன்."

தையல்காரி கத்தரியைக் கீழே வைத்தாள். காஜா அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டாள் தையல்காரி.

"ஒரு வாரம். அப்புறம் வாய்க்குப் பழகிட்டா தங்கிடும்." அணில் பாவாடையை வெட்டு மேஜையில் விரித்தாள். "நான் ஜெயிச்சதுக்குப் பேரு எதுவும் வைக்கல. அதுக்குப் பதிலா இது. ஸ்கூல்ல குட்டையாயிடுச்சுன்னு சொல்றாங்க. பிரிச்சு இறக்கித் தரணும்."

நெளிந்து போன அந்தக் கைத்தையலைத் தையல்காரி விரலால் தடவினாள். "பிரிக்கட்டுமா? நிஜமாவா?"

"ம். ஆனா நேரா தைக்கக் கூடாது. அதே மாதிரி தைக்கணும்."

அதுவரை பிடித்து வைத்திருந்தது உடைந்துவிட்டது. பாவாடையின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அணில் பயந்துபோய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏன் அழற? அழாத. சிரிச்சாத்தான் அவுட், அழுதா ஒண்ணும் இல்ல. நீ அவுட் இல்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய நூலை ஒவ்வொரு கண்ணியாக அறுக்காமல் உருவினாள். உள்ளே விட்டிருந்த துணி, வெயில் படாத அடர் நிறத்தோடு கீழே இறங்கியது. அந்தப் பழைய நூலையே ஊசியில் கோத்தாள். மிஷினைத் தொடவில்லை. அணில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். வாழ்நாளெல்லாம் நேராகத் தைத்துப் பழகிய கை, எவ்வளவு முயன்றாலும் தானாக ஒரு கோட்டில் போயிற்று.

"இன்னும் கொஞ்சம் கோணலா, அம்மா," என்றாள் அணில்.